பாலையா சொன்னதை அப்படியே சொன்னேன்

அன்புள்ள அத்தா,

ஸலாம். மூட்டுவலி தேவலையா? மட்டாஞ்சேரியில் நான் சுகம்.

நேற்று மத்தியஸ்தர் முன்னால் ஏலக்காய் வழக்கு; வக்கீல் ஆபீஸ் சார்பில் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். போடியிலிருந்து வரும்போதே சரக்கு பூஞ்சை பிடித்திருந்ததாக எங்கள் கட்சிக்கார முதலாளி சாதித்தார். அவர் கிடங்கில் மூட்டை தூக்கும் பாலையா, "கூரை ஒழுகித்தான் நனைஞ்சது," என்று தமிழில் சாட்சி சொன்னார்.

"ஓர்மையில்லை, ஞாபகமில்லைன்னு மலையாளத்தில சொல்லு," என்று எங்கள் வக்கீல் என் காதில் கிசுகிசுத்தார். அந்த மனுஷனுக்குக் கோட்டைத் தேய்த்துப் போட மட்டும்தான் தெரிகிறது. பாலையா சொன்னதையே மொழிபெயர்த்தேன். மத்தியஸ்தர் எழுதிக்கொண்டார்.

"நாளை முதல் வரண்டா," என்று என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார் வக்கீல். அந்த ஆபீசுக்கு இனி யார் போவார்கள்?

பீரோவிலிருக்கும் பி.ஏ. சான்றிதழைக் கூரியரில் அனுப்புங்கள். அம்மாவின் இஞ்சி ஊறுகாயும் வையுங்கள். சாயங்காலம் போன் பண்ணுங்கள் அத்தா, விஷயம் ஒன்றும் இல்லாவிட்டாலும்.

பள்ளுருத்தி பஸ் வந்துவிட்டது.

ஜஸ்னா