அக்காவிடம் போகாத மைக்

என் அன்புக்கும் இன்றைய கோபத்துக்கும் உரிய அத்தானுக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. சுகம் விசாரிக்க மாட்டேன். நேராகச் சண்டைக்கே வருகிறேன். உங்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

உங்கள் 'முகத்துக்கு நேரே' கசெட் இன்டர்நெட்டில் வந்திருக்கிறது. சிட்னியில், ஹோம்புஷ் பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் சனம் கதிரை போட்டு இருக்க, ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நீங்கள் நக்கலடித்துப் பதிவு செய்த அதே கசெட். உங்கள் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் போடுவதற்காக எங்கள் தமிழ்ச் சங்கத்துக்காரர் அதைத் துப்புரவாக்கினார்களாம். என்ன துப்புரவு? உங்கள் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களின் குரலை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டார்கள்.

போன ஞாயிறு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போகும் வழியில், காருக்குள் அதைப் போட்டேன். பின்சீட்டில் அக்காவும் உங்கள் பேத்தி மாயாவும் இருந்தார்கள். என்னைப் பற்றிய இடம் வந்தது. "என்ரை மச்சாள் நாலாந்தரம் போய் லைசென்ஸ் எடுத்திட்டா. அண்டு தொடக்கம் பிளாக்டவுனிலை நாய் பூனையும் ரெண்டு பக்கமும் பாத்துத்தான் ரோட்டைக் கடக்குதுகள்." சனம் சிரிக்கிறது. உடனே அடுத்த ஆள், அடுத்த நக்கல். மாயா ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்திக் கேட்டாள்: "வை வாஸ் அம்மப்பா சோ மீன்?"

அம்மப்பா ஏன் இவ்வளவு பொல்லாதவர் என்று கேட்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளை உங்களை ஒரு கொடுமைக்காரர் என்று நினைத்து வளர வேண்டுமா?

உங்கள் சட்டம் என்ன, அத்தான்? நக்கலடித்த கையோடு நீட்டு வயரை இழுத்துக்கொண்டு வந்து, அந்த ஆளின் வாய்க்கு முன்னால் மைக்கைப் பிடிப்பீர்கள். பதில் வரும் வரைக்கும் அசைய மாட்டீர்கள். சிலர் வீட்டிலேயே பதிலைப் பாடமாக்கிக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு நான் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. "ஓம் அத்தான், நான் நாலாந்தரமாவது எடுத்திட்டன். நீங்கள் இன்னும் எடுக்கேல்லை. இண்டைக்கு உங்களை ஆர் வீட்டை கொண்டுபோய் விடுறது?" மண்டபம் அதிர்ந்தது. "மச்சாள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நடந்து போக ஏலாது" என்று மைக்கிலேயே கெஞ்சினீர்கள். முன்வரிசையில் இருந்த எங்கள் குடும்ப டொக்டரைக் கூப்பிட்டு, அவர் மருந்து எழுதினால் வருத்தக்காரன் பயத்திலேயே எழும்பி ஓடிவிடுவான் என்றீர்கள். டொக்டர் ஆறுதலாக மைக்கை வாங்கி, "உம்மடை வாய்க்கும் மருந்து தந்தனான். அது ஒண்டுதான் இன்னும் சுகப்படேல்லை" என்றார்.

இதெல்லாம் இல்லாமல் அது என்ன கசெட்? அன்றைக்கே சங்கச் செயலாளர் யோகனுக்குப் போன் எடுத்தேன்.

"அன்ரி, சனத்தின்ரை சத்தம் கிளியர் இல்லை," என்றார். "அங்கிளின்ரை பகிடிதானே முக்கியம். இப்ப ஆக்களுக்குப் பொறுமையும் இல்லை."

"தம்பி, மெல்பனிலை டெனிஸ் நடந்தால் ஒரு பக்கத்து ஆளை மட்டுமே காட்டுறவங்கள்?"

"அப்பிடி இல்லை அன்ரி..."

"வேறை எப்பிடி? பதிலை வெட்டினால் மிச்சம் இருக்கிறது வெறும் ஏச்சு. அந்த மனுசன் ஏசுறதுக்கு மேடை ஏறேல்லை."

பேசிவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள்.

பிளாக்டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் கசெட் பிளேயர் தேடி வாங்கினேன். உங்கள் அலுமாரியில் கிடந்த மூலக் கசெட்டை எடுத்துவந்து, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து மாயாவுக்குப் போட்டேன். அக்கா பக்கத்தில் இருந்து கறிக்குப் போஞ்சிக்காய் முறித்துக்கொண்டிருந்தா. மாயா என் பதிலுக்கு வாய்விட்டுச் சிரித்தாள். டொக்டரின் பதிலுக்கு மேசையில் தட்டினாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், எல்லாப் பகிடியும் பகிடியாகப் படவில்லை. புதிதாக வந்தவரின் இங்கிலீசை நக்கலடித்தது இன்றைக்குக் காதில் குத்துகிறது. ஒருவரின் நிறத்தைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான். அவரும் பதிலுக்கு ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு எப்படிச் சிரித்தேன் என்றும் விளங்கவில்லை.

பிறகு அது வந்தது. "என்ரை மனுசி சமைச்சால், சாப்பிட வாங்கோ எண்டு முதல்லை கூப்பிடுறது ஸ்மோக் அலாம்தான்." கசெட்டிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். சிரிப்பு அடங்குகிறது. நீங்கள் அடுத்த ஆளின் பேரைச் சொல்கிறீர்கள்.

மாயா கசெட்டை நிறுத்தினாள். "வேர் இஸ் அம்மம்மாஸ் ஆன்சர்?"

திரும்பவும் ஓட்டிப் பார்த்தோம். இதை யோகன் வெட்டவில்லை, அத்தான். பதிலே இல்லை. சிரிப்புக்குப் பின்னால், தூரத்தில், பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்கிறது. அது அக்கா. அந்தச் சனம் முழுவதுக்கும் சோறும் கறியும் ஆக்கிப் போட்டுவிட்டு மண்டபத்துக் குசினிக்குள் நின்றா. அவவின் சாப்பாட்டைச் சாப்பிட்ட வாயாலேயே எல்லாரும் சிரித்தோம். டொக்டருக்கு முன்னால் மைக்கோடு காத்து நின்ற மனிதருக்குக் குசினி வாசல் அவ்வளவு தூரமா?

"அக்கா, நீங்கள் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

அக்கா போஞ்சியை விட்டுக் கை எடுக்கவில்லை. "ஆர் என்னட்டைக் கேட்டது?"

இன்னும் இரண்டு போஞ்சியை முறித்துப் போட்டா. பிறகு அவவாகவே சொன்னா. "என்ரை சட்டி ஒரு நாளும் அடிப்பிடிச்சதில்லை. அலாம் அடிச்சது இவர் குளியலறைக்குள்ளை ஒளிச்சுப் பத்தின சிகரெட்டுக்கு. விட்டாச்சு எண்டு கோயிலிலை சத்தியம் பண்ணின மனுசன். வந்த ஆக்களுக்கு முன்னாலை காட்டிக்குடுக்கேலுமே? கறி எரிஞ்சுபோச்சு எண்டு சொன்னனான்."

மாயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவும் சிரித்தா. சிரித்துக்கொண்டே எழும்பிப் போய் முகத்தைக் கழுவினா.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? உங்கள் நெஞ்சை அரித்து உங்களை எங்களிடமிருந்து கொண்டுபோனது அந்தப் புகை. அதை அவவின் சட்டியில் போட்டுவிட்டு, அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் மானத்தைக் காப்பாற்றிய மனுசி அவ, அத்தான்.

ஆகையால் இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய பதில்களை எல்லாம் திரும்பச் சேர்ப்பதாக யோகன் ஒப்புக்கொண்டுவிட்டார். கூட்டத்தன்று ஸ்மோக் அலாம் பகிடி வந்ததும் கசெட் நிற்கும். நான் மைக்கைக் கொண்டுபோய் அக்காவின் முன்னால் பிடிப்பேன். அவ பேசி முடிக்கும் வரைக்கும் அசைய மாட்டேன். கூட்டம் வரைக்கும் என் வீட்டில்தான் தங்கியிருக்கிறா. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிலை இப்போதே பாடமாக்குகிறா. நேற்றுத் தனியாகச் சிரிக்கும் சத்தமும் கேட்டது.

உங்கள் முறை முடிந்தது. அங்கே ஒரு கதிரையைப் போட்டு இருந்து கேளுங்கள். கூட்டம் முடிய அக்காவை நான் பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விடுவேன்.

இப்படிக்கு,
கடைசிவரை உங்களுக்குக் கார் ஓட்டிய மச்சாள்,
வசந்தி