கடல் தெரியாத வீடு

பிப்ரவரி 9

"இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். உங்கள் பால்கனிக் கம்பிகள் நெடுக்காக இருக்கின்றனவா, குறுக்காக இருக்கின்றனவா என்று மட்டும் சொல்ல முடியுமா?"

இதை அனுப்பிவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். முகம் தெரியாத ஒரு வீட்டுக்காரருக்கு, ஊரெல்லாம் அடங்கிய பிறகு, கம்பியைப் பற்றி ஒரு கேள்வி. படித்தவள் செய்கிற காரியமா இது?

என் கணவருடைய கப்பலை அடுத்த மாதம் பழுது பார்க்கத் துறைமுகத்தில் கட்டப்போகிறார்கள். எஞ்சின் அறைக்காரர்களுக்கு முறை வைத்து ஒரு வாரம் விடுப்பு. ஆனால் கூப்பிட்டால் உடனே போய் நிற்க வேண்டும், அந்த ஊரைத் தாண்டக் கூடாது. அதனால் நாங்கள் போகிறோம், நானும் எறும்பும். ஒரு வாரத்துக்கு ஒரு வாடகை வீடு பிடிக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

எறும்புக்கு ஒன்றரை வயது. நாற்காலி, அலமாரி, அரிசி டப்பா என்று எதன்மேலாவது ஏறிக்கொண்டே இருப்பாள், அதனால் அந்தப் பெயர். அவர் கப்பலேறியபோது தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. ஆறு மாதம் என்று போனவர், மாற்று ஆள் வரவில்லை என்று ஒரு வருடம் ஆகிவிட்டது. அவளுக்கு அப்பா என்றால் என் போன்தான். போனில் தெரிகிற முகம்கூட இல்லை, போனேதான். சார்ஜில் கிடக்கும்போது அதைக் காட்டி "அப்பா தூங்கு" என்கிறாள்.

ஒரு வாரம். அதற்குள் அவள் அவரிடம் போக வேண்டும். போகவில்லையென்றால்?

பிப்ரவரி 10

பதில் வந்துவிட்டது. "அருமையான பால்கனி மேடம். கடல் காத்து அள்ளிக்கிட்டுப் போகும்."

நான் காற்றையா கேட்டேன்?

பிப்ரவரி 12

அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தது அண்ணி, அவருடைய அக்கா. ஏழாவது மாடி. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நேரே கடல். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். பிடிச்சிருக்கு என்றேன். பிடித்துத்தான் இருந்தது, படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்வரை.

என் பிழைப்பு அப்படி. காப்பீட்டு அலுவலகத்தில், விபத்துக்கு இழப்பீடு கேட்டு வரும் கோப்புகளைப் படிக்கிறவள் நான். வழுக்கிய குளியலறை, சரிந்து விழுந்த அலமாரி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட குழந்தை. முக்கால்வாசிக் கோப்பில் ஒரே வாக்கியம் வரும்: "ஒரு நிமிஷம்தான் திரும்பினேன்." பகலெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தையே படித்துவிட்டு வருகிறவளுக்குக் கடல் எங்கே கண்ணில் படும்?

அண்ணியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"நாங்கல்லாம் புள்ள வளக்கலையா? என் பசங்க மொட்டை மாடியிலதான் உருண்டாங்க."

"இல்ல அண்ணி, அந்தக் கம்பி..."

"கம்பி, கம்பி! கம்பி எண்ணவா அங்க போறீங்க?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று அடக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 15

கிடைத்துவிட்டது. அங்கே தங்கிப் போன யாரோ போட்ட படம். பால்கனியில் ஒரு ஈரத் துண்டு காய்கிறது. துண்டுக்குக் கீழே கம்பிகள். குறுக்குக் கம்பிகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

ஏணி. ஏழாவது மாடியில், எறும்புக்கென்றே செய்து வைத்த ஏணி.

வீட்டுக்காரர் போட்ட படங்களை மறுபடி பார்த்தேன். எல்லாமே உள்ளே உட்கார்ந்து எடுத்தவை. கடல் முழுசாகத் தெரிகிறது, கம்பி மட்டும் சோபாவின் முதுகில் மறைந்து போகிறது. பொய் என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது.

வேண்டாம்னு எழுதிட்டேன். அண்ணிகிட்ட யாரு சொல்றது?

பிப்ரவரி 16

சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "ஒரு வருஷம் கழிச்சு தரையில கால் வைக்கிறான். அவனுக்குன்னு ஒரு நல்ல இடம் பாக்கக் கூடாதா நீ?" என்றார்.

கத்தியிருக்கலாம்.

நான் பார்ப்பது யாருக்கான வீடு? எறும்புக்கா, அவருக்கா? இல்லை, என் பயத்துக்கா?

பிப்ரவரி 19

இன்று தள்ளிவிட்டவை: நடுக்கூடத்தில் கைப்பிடி இல்லாத மாடிப்படி. "சிறிய அழகான குளம்" என்று பெருமையாகப் போட்டிருந்த தோட்ட வீடு — குளமாம், அதுவும் அழகாம். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே பாட்டுக் கூடம், நடுவில் நாங்கள். குளியலறைப் படமே இல்லாத வீடு. எதைக் காட்டவில்லை என்று பார்க்கத்தான் அலுவலகத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

தங்கியவர்கள் எழுதியதைப் படிக்கவும் எனக்கு ஒரு வழி உண்டு. ஓஹோ என்று புகழ்ந்ததையும், நாசமாய்ப் போக என்று திட்டியதையும் விட்டுவிடுவேன். நடுவில், "பரவாயில்லை, ஆனால்" என்று இழுக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைத்தான் நம்புவேன். அந்த "ஆனால்"தான் வீடு.

நல்ல வீடுகளெல்லாம் போய்க்கொண்டே இருக்கின்றன. நேற்றுப் பார்த்து வைத்தது இன்று இல்லை.

பிப்ரவரி 21

அவர் கூப்பிட்டார். விட்டு விட்டுக் கேட்டது. பின்னால் எப்போதும்போல எஞ்சின் இரைச்சல். அவர் குரலை அது இல்லாமல் நான் கேட்டே ஒரு வருடம் ஆகிறது.

அழக்கூடாது என்றுதான் இருந்தேன். "கடல் தெரியற வீட்ட விட்டுட்டேன். அண்ணி ஆசையா பாத்துக் குடுத்தது. உங்களுக்கு..."

"ஏய், ஏய், இரு. கடலா? ஒரு வருஷமா வேற என்னத்தப் பாத்துக்கிட்டிருக்கேன்? எனக்கு ஒரு சுவரு காட்டு, போதும். அசையாத சுவரு."

"விளையாடாதீங்க."

"நிஜமாதான் இன்ஸ்பெக்டரம்மா. உனக்குத் தூக்கம் வர்ற வீடாப் பாரு." பிறகு, "அவ என்கிட்ட வருவாளா?" என்று கேட்டார். அதைக் கேட்டபோது மட்டும் குரல் வேறு மாதிரி இருந்தது.

ஓடி வருவா என்று சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

எறும்பைத் தூக்கிப் போனைக் காட்டினேன். அவள் போனுக்கு முத்தம் கொடுத்தாள். திருப்பி, அதன் முதுகுக்கும் ஒன்று.

பிப்ரவரி 22

தரைத்தளம். டயர் கடைக்குப் பின்னால். எல்லா ஜன்னலிலும் எதிர்வீட்டுச் சுவர். ஒருவர் எழுதியிருக்கிறார்: "பரவாயில்லை, சுத்தமான வீடு, வீட்டுக்கார அம்மா கொஞ்சம் அதிகம் பேசுவார். ஆனால் ஃப்ரிட்ஜ் ராத்திரியெல்லாம் உறுமுகிறது." இன்னொருவரும் அதையேதான் எழுதியிருக்கிறார்.

சுவர் இருக்கிறது. ஆனால் உறுமல்? புது இடத்தில் எறும்பு தூங்காவிட்டால் பகலெல்லாம் சிணுங்குவாள். சிணுங்கினால் என் இடுப்பைவிட்டு இறங்க மாட்டாள். அவரிடம் எங்கே போவது?

பிப்ரவரி 24

வீட்டுக்கார அம்மாவிடம் வீடியோவில் வீட்டைக் காட்டச் சொன்னேன். மறுப்பார் என்று பார்த்தால், செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து காட்டினார்.

"இது ஹாலு. இது சமையக்கட்டு. கேஸ் குழாய் போன மாசம்தான் மாத்தினேன், தேதி பாரு. கக்கூஸ் கதவையும் காட்டணுமா?"

"ஆமாங்கம்மா. உள் தாழ்ப்பாள்..."

"எட்டாது. என் பேத்தி ஒரு தடவ உள்ள மாட்டிக்கிட்டா, அன்னைக்கே மேல ஏத்திட்டேன்."

எனக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"அம்மா, அந்த ஃப்ரிட்ஜ்..."

"வந்துட்டியா அதுக்கும்? அது எங்க வீட்டுக்காரர் மாதிரி. சத்தம்தான் பெருசு, வேலையில ஒரு குறையும் இல்ல."

"குழந்தை முழிச்சிக்கும்மா. மாத்தித் தர முடியுமா?" என்று கெஞ்சினேன்.

பிப்ரவரி 27

இரண்டு நாளாக எழுதி எழுதிக் கேட்டதற்கு வீட்டுக்கார அம்மாவின் பதில்: "சரி தாயே, நீ ஜெயிச்ச. புதுசு சொல்லிட்டேன். நீ வந்து நாலாம் நாள், வியாழக்கிழமை காலையில ஆளு வந்து மாட்டிட்டுப் பழச எடுத்துட்டுப் போயிடும்."

வீடு முடிந்தது. அண்ணியிடம் சொன்னேன். "டயர் கடைக்குப் பின்னாலயா? போய் பஞ்சர் ஒட்டிட்டு வாங்க" என்றார். கோபம் போய்விட்டது என்று அர்த்தம்.

மார்ச் 6

பெட்டியில் துணியைவிட மேஜை முனைக்கு ஒட்டுகிற ரப்பர்தான் அதிகம்.

மார்ச் 9, திங்கள்

வந்துவிட்டோம். அவரும் வந்துவிட்டார்.

எழுதவே பிடிக்கவில்லை.

வாசலில் நின்றார். இளைத்திருக்கிறார், காதோரம் நரைத்திருக்கிறது. கையை நீட்டினார். எறும்பு வீல் என்று கத்தி என் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். "பாரு, இதுதான்டா அப்பா" என்றேன். அவள் என் கைப்பையில் இருந்த போனைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அவரை முறைத்தாள். யாரோ ஒருவன் அப்பாவை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறான்.

அவர் சிரித்தார். "விடு, புது ஆளு. எனக்கே என்னைக் கண்ணாடியில பாத்தா அடையாளம் தெரியல." சிரித்துக்கொண்டே குளியலறைக்குப் போனார். ரொம்ப நேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

இன்றும் இல்லை. அவர் அறைக்குள் வந்தால் அவள் வெளியே. பந்து, பொம்மை, தலையில் பாத்திரம் — எல்லாம் செய்து பார்த்துவிட்டார். அவள் பார்க்கிறாள், தூரத்திலிருந்து. கிட்டே வந்தால் அழுகை.

அவர் தூங்கவும் இல்லை. படுக்கையறைக் கதவைச் சாத்தினால் அந்த உறுமல்கூடக் கேட்பதில்லை, நானே தேடிப் பிடித்த அமைதி. அதில் புரண்டுகொண்டே இருக்கிறார். "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்றால், "ஒண்ணுமில்ல, நீ தூங்கு" என்கிறார். கண் சிவந்து கிடக்கிறது. பொறுக்கிப் பொறுக்கி எடுத்த வீடு, அதில் இரண்டு ராத்திரியாக ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. அண்ணி சொன்னதுதான் சரியோ. கடலோசையாவது இருந்திருக்கும். எல்லாத்தையும் பாத்தேனே, கம்பி, தாழ்ப்பாள், கேஸ் குழாய். இவர ஏன் நான் பாக்கல?

மார்ச் 11, புதன்

மதியம் துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். ஒரு நிமிஷம்தான் திரும்பினேன். (நானே இதை எழுதுகிறேன்.) உள்ளே வந்தால் எறும்பைக் காணோம். ஹாலில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. குளியலறைக் கதவு சாத்தியிருக்கிறது. தள்ளித் திறந்தேன், அங்கேயும் இல்லை.

சமையலறையில் இருந்தாள்.

அவர் வெறுந்தரையில் ஃப்ரிட்ஜை ஒட்டிப் படுத்திருந்தார், முதுகு அதன் மேல் பட்டுக்கொண்டிருக்க. வாய் திறந்து, அடித்துப் போட்டதுபோல் தூக்கம். ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. எறும்பு அவர் காலில் ஆரம்பித்து, முழங்காலைத் தாண்டி, இடுப்பில் வழுக்கி, மறுபடி பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள். நிற்கிற ஆள் வேண்டாம். படுத்துக் கிடக்கிற மலை பரவாயில்லை போலிருக்கிறது. தோளுக்கு வந்து சேர்ந்ததும் அங்கேயே குப்புறப் படுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். போன் மேஜைமேல்தான் இருந்தது. அவர் கன்னத்தில் ஒரு விரலை வைத்து, எனக்கு ரகசியம் சொல்வதுபோல்,

"அப்பா தூங்கு" என்றாள்.

நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்த பிறகு அவர் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "அங்க எஞ்சின் சத்தம் நின்னா ஏதோ தப்புன்னு அர்த்தம். எந்தத் தூக்கத்துல இருந்தாலும் எழுந்து ஓடணும். அந்த ரூம்ல சத்தமே இல்லையா, உடம்பு எழுந்து எழுந்து உக்காருது. தண்ணி குடிக்க வந்தேன், இது ஓடிக்கிட்டிருந்துச்சு..." ஃப்ரிட்ஜைத் தட்டிக் கொடுத்தார். "நல்ல மெஷினு."

சாயங்காலம் அவர் உட்கார்ந்திருந்தபோதே எறும்பு முதுகுப் பக்கமாக ஏறினாள். அவர் மூச்சுவிடாமல் இருந்தார்.

இப்போது பாயைச் சமையலறையில் விரித்தாயிற்று. இருவரும் அங்கேதான். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது — நாளைக்கு வியாழக்கிழமை. போன் பண்ணினேன், அந்த அம்மா எடுக்கவில்லை. அதனால் அனுப்பிவிட்டேன்:

"இந்த நேரத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும் அம்மா. நான் அத்தனை தடவை கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் திட்டினாலும் சரி. காலையில் ஆளை அனுப்பாதீர்கள். நாங்கள் கிளம்பும்வரை பழைய ஃப்ரிட்ஜே இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."