புறாக்களின் சாப்பாட்டுச் செலவு

9 நவம்பர் 1958, பாகூர்

மழை. கடையைச் சாத்திவிட்டு வந்த என் வீட்டுக்காரர், நேரே பின்கட்டுக்குப் போய்ப் புறாப் பானைகளை முறைத்தார்.

"பன்னெண்டு ஜோடி! என் மளிகைக் கடையவே முழுங்கிடும் போலிருக்கு. சனவரி முடியட்டும் தாஜு. அதுங்க தீனிய அதுங்களே சம்பாரிச்சா சரி. இல்லன்னா மொத்தத்தையும் வித்துடுவேன்."

விற்பாராம்! அம்மா வீட்டிலிருந்து கூடையில் வந்த இரண்டு ஜோடி பெருகியவை இவை. கோபத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

10 நவம்பர்

கோழிக்குஞ்சு என்றால் அதற்கு மட்டும் போட்டால் போதும். புறாக்குஞ்சுக்குத் தாயும் தகப்பனும் தின்று, கக்கி ஊட்ட வேண்டும். இரண்டு குஞ்சு கொழுக்க நான்கு வயிற்றுக்குப் போட வேண்டியிருக்கிறது. பச்சைப்பயறு விற்கிற விலையில் கட்டுமா? இன்றோடு நிறுத்திவிட்டேன். இனி கம்பும் குருணையும்தான். கொஞ்சமாக.

29 நவம்பர்

புதுச்சேரியில் துரை வீட்டில் சமைக்கும் பச்சையப்பன், கறிக்குப் புறாக்குஞ்சு வாங்க பஸ்ஸில் வந்தார். குஞ்சின் மார்பைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னாம்மா இது, வெறும் எலும்பு. இத வச்சா தொரசானி என்னைத்தான் வறுத்து எடுப்பாங்க."

பாதி விலைதான் கொடுத்தார். சாப்பிட வந்த இவர் எதிரிலேயே அழுதுவிட்டேன் — வெட்கம். சிக்கனம் பிடித்தது தப்போ? மறுபடி பயறு போடலாமென்றால் இவரிடம் யார் கேட்பது?

27 டிசம்பர்

பச்சையப்பன் வாயெல்லாம் பல். "இப்பத்தான்மா குஞ்சு!" முழு விலைக்கு மேல் ஜோடிக்கு நாலணா கூடக் கொடுத்தார். இந்த மாதம் கம்பை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டேனே, அதுதான் வேலை செய்திருக்கிறது. பாகூரில் எனக்கு நிகர் யார்?

இவரிடம் பீற்றிக்கொண்டேன். "ம்" என்றார். பொறாமை!

20 ஜனவரி 1959

பக்கத்து வயல்காரர் சம்மந்தம் காலையிலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். அறுத்துப் போட்ட நெல்லை என் புறாக்கள்தான் மேய்கின்றனவாம், வலை போட்டுப் பிடிக்கப் போகிறாராம். எனக்கும் ஏறிவிட்டது.

"குஞ்சு ஒண்ண அறுத்துப் பாருங்கண்ணே. தாய் தின்னதுதான அது இரைப்பைல இருக்கும்? ஒரு நெல்லு இருந்தா அத்தனை புறாவும் உங்களுக்கு."

"வாணாம் தாஜு," என்றார் இவர் அவசரமாக. "சும்மா வுடு. நாலு படி நெல்லு குடுத்துடலாம்."

இவரா! இவர் வாயிலிருந்தா நாலு படி வருகிறது? நான் விடவில்லை. கடைசியில் இவரே பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். கழுத்தடியில் இருந்த இரைப்பையைப் பிதுக்கினேன். ஒரு நெல் இல்லை. கம்பு கொஞ்சம். மீதி முழுக்கப் பச்சைப்பயறு.

நான் இரண்டு மாதமாகக் கையால் தொடாத பயறு!

சம்மந்தம் பையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "பாய், காலைல உன் கடை வாசல்ல புறாவாக் கெடக்குதேன்னு பாத்தேன். அப்ப எங்க களத்துல மேயறது வேற எவனுதோ," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். இவர் செருப்பு கூடப் போடாமல் கடைக்கு ஓடிவிட்டார்.

என் உப்புத் தண்ணீர்ப் பெருமை போயிற்று. போகட்டும். பகல் முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

21 ஜனவரி

இவர் விடியும் முன்பே கடைக்குக் கிளம்பிவிட்டார். நான் ஒன்றும் தெரியாதவள் போலக் கம்பை ஊறவைத்தேன்.

31 ஜனவரி

இவர் வைத்த கெடு நாள். பயறைக் கடை விலைக்கே சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். கொழுத்த குஞ்சின் விலை அதையும் தாங்கி, கையில் கொஞ்சம் நிற்கிறது. ஒல்லிக் குஞ்சில்தான் நஷ்டமே. இதை இவரிடம் சொல்லவில்லை. சோறு போடும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "தீனி கட்டுப்படியாகலங்க. நீங்க சொன்னாப்ல வித்துடலாம்," என்றேன்.

பிசைந்த கை நின்றது. "இன்னாத்துக்கு? வாயில்லா ஜீவன். அப்டி இன்னா தின்னுட்டுதுங்க?"

சிரித்துவிட்டேன். கண்ணிலும் தண்ணீர். இந்த மனுஷன் மேல் இத்தனை ஆசை வருமென்று நினைக்கவில்லை. கணக்கைச் சொன்னேன், நாளையிலிருந்து பயறை நானே அளந்து போடுகிறேன், கடையில் போட வேண்டாம் என்றேன்.

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சாயங்காலம் நீ போடு. காலைல நான் போட்டுக்கறேன். இல்லன்னா அதுங்க என்னைத் தேடும்."