செவ்வாய்க்கிழமை எடுத்த மீசை

காணை,
22-4-1985

அன்பு மகன் நடராசனுக்கு அம்மா வீரம்மாள் எழுதிக்கொள்வது. நீ அங்கே மஸ்கட்டில் நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மயிலம் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டார் நடராசா. பொங்கலுக்கு உன் கடிதம் வந்ததோடு சரி, அதற்குப் பிறகு ஒரு வரி கிடையாது. மாசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சு குழறிப்போனதை எழுதியிருந்தேன், அதற்கும் பதில் இல்லை. வேலை அதிகமா, வேறு கேம்ப்புக்கு மாற்றிவிட்டார்களா, தபால்தான் எங்கேயாவது கிடக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. முதலில் உன்மேல் கோபம் கோபமாக வருகிறது, அடுத்த நிமிஷமே தபால்காரர் வருகிறாரா என்று வாசலுக்கு ஓடுகிறேன். இங்கே நடந்ததை எல்லாம் எழுதுகிறேன், நடுவில் வைத்துவிடாமல் முழுக்கப் படி.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு அப்பா தேறித்தான் வந்தார். தலையணை வைத்தால் சாய்ந்து உட்காருவார், இடது கையால் கஞ்சி எடுத்துக் குடிப்பார், பாதி வாயில் பாதி மார்பில் என்றாலும் தானே குடித்தார். தலைமுடிதான் வளர்ந்து சிக்குப் பிடித்து, இந்த வெயிலில் பின்மண்டை எல்லாம் கொப்புளம். கடைத்தெரு சலூன்காரர் யாரும் படுக்கைக்காரனுக்கு வீடு தேடி வரமாட்டார்கள். நம் தெருவுக்கு முடிவெட்டுகிற முத்துசாமிதான் கேள்விப்பட்டுத் தானாகவே பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் முடி வெட்டலாமா என்று எனக்கும் உறுத்தியது, நோயாளிக்கு நாள் என்ன கிழமை என்ன என்று விட்டுவிட்டேன். தலையில் ஊற்ற வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன், தலையை மிஷின் போட்டு ஒட்ட எடுத்திருந்தான், அது நான் சொன்னதுதான். மீசையையும் சேர்த்து மழித்துவிட்டிருந்தான். உன் அப்பா தாண்டவராயனை மீசை இல்லாமல் நீ பார்த்ததுண்டா? உன் தாத்தா செத்தபோது எடுத்தார், அப்போது நீ கைக்குழந்தை. அவன் என்னவோ பெரிய உபகாரம் பண்ணின முகத்தோடு, கஞ்சி ஒட்டிக்கினு ஈ மொய்க்குதுங்கம்மா, அதான் சுத்தமா எடுத்துட்டேன், இப்பதான் மூஞ்சி பளிச்சுன்னு கீதுன்னான். அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனால் நம் பக்கம் வயசான மனுஷனுக்குத் தலையும் மீசையும் ஒன்றாக எதற்கு எடுப்பார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கருமாதிக்குத்தான்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்கென்று பார்த்துத் திண்டிவனத்தில் இருந்து உன் அத்தை முனியம்மாள் பஸ் ஏறி வந்து இறங்கினாள். அவளைப் பற்றி உனக்குத் தெரியாதா, வாசற்படியிலேயே அண்ணனைப் பார்த்தாள், பையைக் கீழே போட்டாள், மார்பில் அடித்துக்கொண்டு, ஐயோ அண்ணே, யாரப் பறிகுடுத்துட்டு இப்டி உக்காந்துக்கினு கீறேன்னு தெருவே கூடுகிற மாதிரி ஒப்பாரி வைத்துவிட்டாள். நான் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தி விஷயத்தைச் சொன்ன பிறகுதான் ஓய்ந்தாள். அப்புறம் காப்பி கேட்டுக் குடித்துவிட்டு அவள் பாட்டுக்கு மல்லாட்டையை உரித்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா மட்டும் கண்ணாடி கொண்டுவரச் சொல்லி ஜாடை காட்டினார். பார்த்தார். இடது கையால் உதட்டுக்கு மேலே தடவிக்கொண்டே இருந்தார். ராத்திரிக் கஞ்சியைத் தட்டிவிட்டார். அன்றைக்கு மூடின வாய்தான்.

மீசை போன கோபம் என்றுதான் நான் நினைத்தேன். ஆம்பிளைகளுக்கு அதில் ஒரு வீம்பு உண்டல்லவா, இரண்டு நாளில் தணிந்துவிடும் என்று இருந்தேன். தணியவில்லை. பிறகு ஒருநாள் காலையில் என் புடவையைப் பிடித்து இழுத்து, தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார், சுவரில் மாட்டியிருக்கிற உன் போட்டோவைக் காட்டினார், கையை விரித்தார். திரும்பத் திரும்ப அதையே செய்தார், கண்ணில் இருந்து நீர் கொட்டுகிறது. ஜாடையும் குழறலுமாக அவர் சொன்னதை ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் புரிந்துகொண்டேன். நீ போய்விட்டாயாம். அந்தச் செய்தி எங்களுக்கு வந்துவிட்டதாம். கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு அப்பன்தான் காரியம் செய்ய வேண்டும் என்பதால், அவரிடம் சொல்லாமலே முத்துசாமியை வைத்துத் தலையையும் மீசையையும் எடுத்து முழுக்காட்டிவிட்டோமாம். இல்லாவிட்டால் எவனாவது செவ்வாய்க்கிழமை கத்தியை எடுப்பானா, முனியம்மாள் திண்டிவனத்தில் இருந்து அழுதுகொண்டு வருவாளா, பையனிடம் இருந்து கடிதம் ஏன் இல்லை? ஐயோ நடராசா, படுத்த இடத்தில் இருந்துகொண்டு ஒவ்வொன்றாக எப்படிக் கோத்து வைத்திருக்கிறார் பார். நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், கத்தினேன், காலைப் பிடித்து அழுதேன். நம்பவில்லை. நோயாளி காதில் சாவுச் செய்தியைப் போடக் கூடாது, மறைத்துவிடுங்கள் என்று இந்த ஊரில் எத்தனையோ வீட்டுக்குப் போய்ச் சொன்னவர் அவர்தானே, எங்கள் பேச்சை எப்படி நம்புவார். உன் பொங்கல் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். மேலே தேதி போட்ட இடத்தில் விரலை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மீசை வளர்ந்துவிட்டால் மனசு மாறிவிடும் என்று ஒரு நப்பாசை. அதனால் இனிமேல் மீசையில் கை வைக்காதே என்று முத்துசாமியிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். உன் அத்தை நாலு அறை விட்டுக் கேளு அண்ணி என்கிறாள். எப்படிக் கேட்பது? அப்பாவைப் புரட்டிப் போட்டு முதுகுப் புண்ணைத் துடைத்து மருந்து வைக்கிறது அவன், பெற்ற பிள்ளை செய்யாததை முகம் சுளிக்காமல் செய்கிறான், அவன் மனம் கோணி நின்றுவிட்டால் எனக்கு வேறு கதி இல்லை. ஆகையால் காப்பி கொடுத்து, பக்குவமாக ஆரம்பித்தேன். தலை ரொம்ப நல்லா இருக்குது முத்துசாமி, வெயிலுக்கு எதமா இருக்குது, ஐயாவுக்கு அரிப்பே இல்ல, மீசைதான், அதுக்கென்ன, வளர்ந்துடும், நீ பாத்துக்க மாட்டியா என்றேன். சொல்லிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டேன். அவனும் தலையை ஆட்டி, ஆமாங்கம்மா, ஜல்தியா வளர்ந்துடும், நீங்க சொல்லணுமா, நான் பாத்துக்கறேன்னு போனான். அடுத்த வாரம் நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, அப்போதுதான் அரும்பிக்கொண்டிருந்த மீசையைச் சவரக்கத்தி போட்டு வழவழவென்று மறுபடியும் எடுத்துவிட்டான். எடுத்துவிட்டு நான் வந்து மெச்ச வேண்டும் என்று காத்துக்கொண்டு வேறு நின்றான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, கூடையை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மரியாதையாகச் சொல்கிறேன் பேர்வழி என்று நான் சொன்ன அழகு அது, வளரவிடாமல் பார்த்துக்கொள் என்றுதான் அவன் காதில் விழுந்திருக்கிறது. பிறகு மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பெட்டியை நழுவவிட்டான். ஐயோ, எனக்கு புத்தி இல்லியேம்மா, முன்னாடியே ஒடச்சி சொல்லியிருக்கக் கூடாதான்னு தலையில் அடித்துக்கொண்டு, நான் தடுப்பதற்குள் உள்ளே ஓடி, அப்பா காலைப் பிடித்து, தம்பிக்கு ஒன்னும் ஆவலீங்க ஐயா, தம்பி நல்லா கீறாருங்கன்னு ஓவென்று அழுதான். நம் ஊரில் சாவுச் செய்தி கொண்டு வீடுவீடாகப் போகிறவன் யார்? முத்துசாமிதானே. அவன் வந்து உன் பேரைச் சொல்லி அழுதால் உன் அப்பா என்ன நினைப்பார். கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் வைக்க வேண்டும், இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது என்கிறார். சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனால் விட்டால் கொஞ்சம் உள்ளே போகிறது, அவ்வளவுதான். நெஞ்சுக்கூடு தனித்தனியாகத் தெரிகிறது. போன வாரம் அவராகவே ஏதோ சொல்ல முயற்சி செய்தார். குனிந்து காதை வைத்துக் கேட்டேன். வட்டப்பாறை, வட்டப்பாறை என்கிறார். திருவாமாத்தூர்க் கோயில் வட்டப்பாறையில் கை வைத்து, என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று நான் சத்தியம் செய்துவிட்டு வரவேண்டுமாம். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பினதில்லை என்பது உனக்கும் தெரியும், வரப்புச் சண்டைக்காரர்களை எல்லாம் அவரே அங்கே கூட்டிப் போயிருக்கிறார். அதைச் செய்தால் நம்புகிறேன், சாப்பிடுகிறேன் என்று ஜாடை காட்டினார். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. இவ்வளவுதானா என்று வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே தலைமுழுகி, முனியம்மாளையும் கூட்டிக்கொண்டு போனேன். பூசாரி கற்பூரம் ஏற்றி, கைய வச்சி சொல்லும்மா என்றார். கையை நீட்டினேன் நடராசா. என் பிள்ளை என்று வாய் எடுத்தேன். பொங்கலில் இருந்து ஒரு வரி இல்லையே என்று அப்போது பார்த்து நெஞ்சில் வந்துவிட்டது. எனக்கு நிச்சயமாகத் தெரியாத ஒன்றை நான் எப்படிச் சத்தியம் செய்வது, அது உன் தலையில் வந்து விடிந்தால்? கற்பூரம் அணைந்துவிட்டது. பூசாரி இன்னொன்று ஏற்றட்டுமா என்றார். வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் வழியெல்லாம் உன் அத்தை, தூக்கிக் கொடுத்துட்டு வந்த மாதிரி ஏன் அண்ணி இப்டி பண்ணேன்னு திட்டிக்கொண்டே வந்தாள். வீட்டில் அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். என் முகத்தைப் பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முத்துசாமியும் முனியம்மாளும் ஆரம்பித்ததை நான் முடித்துவைத்துவிட்டேன்.

இப்போது நீதான் காப்பாற்ற வேண்டும். தந்தி மட்டும் கொடுத்துவிடாதே, வாசலில் தந்தி என்று சத்தம் கேட்டாலே அவர் மூச்சு நின்றுவிடும். லீவு கொடுத்தால் உடனே புறப்பட்டு வா, சாமான் ஒன்றும் வாங்க வேண்டாம், கட்டின துணியோடு வா. கொடுக்காவிட்டால் ஒரு கேசட்டில் பேசி, யாராவது ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்பு. மளிகைக்கடை அந்தோணிசாமி டேப் ரிக்கார்டரைத் தருகிறேன் என்றிருக்கிறார். சும்மா சுகமா என்று கேட்டால் பழைய கேசட் என்று தள்ளிவிடுவார். முத்துசாமி மீசையை எடுத்துவிட்டானாமே அப்பா என்று நீயே உன் வாயால் சொல்லு, சிரித்துக்கொண்டு சொல்லு. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகும் நீ இருக்கிறாய் என்று அப்போதுதான் நம்புவார். உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் தலையில் துணி போட்டுக்கொண்டு வேலை செய், தண்ணீரைக் காய்ச்சிக் குடி, யாரோடும் வம்புக்குப் போகாதே. எங்கள் ஆயுசும் சேர்த்து நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்ததும், வேறு எழுத நேரம் இல்லாவிட்டாலும், கிடைத்தது என்று மட்டும் உன் கையால் எழுதிப் போடு. அது வந்த அன்றைக்கே திருவாமாத்தூர் போய் இரண்டு கையையும் வைப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
தா. வீரம்மாள்