டஸ்டின் அனுப்பிய சிவப்பு வரிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? சியாட்டிலில் நான் நலம்.

கணினி நிரல்களில் பிழை தேடும் எங்கள் அலுவலகக் கருவி, பிழைகளைக் கறுப்புத் திரையில் சிவப்பாகக் காட்டும்படி செய்தவள் நான். அதைத் தன் வேலையென்று சொல்லிப் பாராட்டு வாங்கியவன் என்னோடு வேலை பார்க்கும் டஸ்டின். திரையில் நிறமாகத் தெரிவது, கோப்பில் சேமித்தால் வரிக்கு வரி குப்பை எழுத்துகளாகக் கொட்டும். எனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. நேற்று அந்தக் குப்பையை அப்படியே மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டான்.

"லொரேன், இதை எப்படிச் சரி பண்றது?" என்று வெளிறிப்போய் வந்தான்.

"நீ பண்ணினதுதானே? நீயே பாரு."

ஒரே வரியில் சரியாகிவிடும். சொல்லமாட்டேன்.

கம்பளிக் காலுறை பின்னி அனுப்பு, சிவப்பாகவே இருக்கட்டும். ஞாயிறன்று கூப்பிடு, சேர்ந்து சிரிக்க இங்கே ஆளில்லை.

டஸ்டின் மறுபடி வருகிறான். அந்த முகத்தைப் பார்க்கவேண்டும், முடிக்கிறேன்.

லொரேன்