டேப் ஒட்டிய தீர்மான நோட்டு

அப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நேற்று மாதிரி என்மேல் உள்ள கோபத்தில் வயிற்றைக் காயப்போடாதீர்கள்.

பதினொரு மணிக்கு ஆவணக் காப்பகத்து அக்கா வருவார். கட்டிலடியில் இருக்கும் தகரப்பெட்டியில் உங்கள் அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் தீர்மான நோட்டுகளும் கடிதங்களும் இருக்கின்றன. அப்படியே கொடுங்கள். மடிப்புப் போக இஸ்திரி போட்டுவிடாதீர்கள்.

கிழிசல்களில் நீங்கள் ஒட்டிய செலோடேப்பையும் பிய்க்க வேண்டாம். "எல்லாத்தையும் கெடுத்து வச்சிருக்கீங்க" என்று நான் கத்தியது தப்பு. காலையில் அக்காவுக்குப் போன் செய்தேன். "டேப்பை நாங்க பக்குவமா எடுத்துக்குவோம். அப்பா ஒட்டலைன்னா பாதிப் பக்கம் குப்பைக்குப் போயிருக்கும்மா" என்றார்.

பெட்டிச் சாவி கடிகாரத்துக்குப் பின்னால்.

மறந்துவிட்டேன். பெட்டியின் அடியில் மூன்று நீல நோட்டுகள் இருக்கும். அவை சங்கத்துடையவை அல்ல, பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து நான் எழுதியவை. "இந்தத் தெருவுல இருக்கிற பொண்ணுங்க எழுதினது ஏதாவது இருக்கா?" என்று அக்கா கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். எதிரில் நின்று கொடுக்க வெட்கம். அதனால்தான் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

அவற்றையும் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். அவர் வருவதற்குள் நீங்கள் படித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நோட்டில் ஒரு பக்கம் கிழிந்திருக்கும். நேற்று உங்களைத் திட்டி எழுதிவிட்டு நானே கிழித்தது. அதை மட்டும் வேண்டுமானால் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்.