ஓர்லிமிர்ஸ்கி வீட்டுச் சம்பந்தம்

2007 மார்ச் 4, ஞாயிறு
நாங்கள் இருக்கும் எல்லிங்ஸ்ருட்டில் திரும்பவும் பனி. மகள் துஷ்யா சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னாள், ஒரு போலந்துப் பெடியனைக் கட்டப் போகிறாளாம். தோமஷ் ஓர்லிமிர்ஸ்கி. மின்சார வேலை. கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. இவர் எழும்பிப் போனார்.

மார்ச் 9
இவர் இன்னும் அவளோடு கதைக்கவில்லை.

மார்ச் 18
இவர் செய்த வேலையைப் பார்! ஊரில் சம்பந்தம் பேசும்போது ஆள் வைத்து விசாரிப்பதுபோல இங்கேயும் விசாரித்திருக்கிறார். கூட வேலை செய்யும் கிளெமென்ற் போகிற தேவாலயத்தில் பாதிப்பேர் போலந்துக்காரர். அவர் கேட்டுவந்த செய்தி: அது பழைய பிரபு வம்சத்துப் பெயர், மாளிகை, குதிரைகள், குலச்சின்னம் எல்லாம் இருந்ததாம். "நல்ல குடும்பம்தானப்பா" என்றார் இவர். இரண்டு கிழமை உம்மென்று இருந்த மனுசன்!

ஏப்ரல் 22
கல்யாண அழைப்பிதழை இவரே எழுதிவிட்டார். மாப்பிள்ளை பெயருக்குக் கீழே 'போலந்துப் பிரபு வம்சம்'. துஷ்யாவின் பெயருக்குக் கீழே, என் வழியில், 'உடையார் வளவு', அந்தக் காலத்து ஊர்த்தலைவர் உடையாரின் பெரிய வீடு. வாசித்ததும் தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

மே 6
தோமஷ் சாப்பிட வந்தான். இவர் மாளிகையைப் பற்றிக் கேட்டார். அவன் அப்பளத்தை நொறுக்கியபடி அவசரமில்லாமல் சொன்னான்: பிரபுக்கள் வேறு ஆட்கள். அவனுடைய பூட்டன் அவர்களின் குதிரை லாயத்தில் வேலை செய்தவர். அந்தப் பண்ணையில் இருந்த குடியானவர்கள் பலரும் அதே பெயரைத்தான் வைத்துக்கொண்டார்களாம்.

இவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அவன் போனபிறகு, "ஏமாத்திப்போட்டான்" என்றார்.

அவன் எங்கே ஏமாற்றினான்? கேட்டவுடன் சொன்னானே. ஏமாற்றினது ஆர்? நான்தானே? எனக்கும் இவருக்கும் சம்பந்தம் பேசிவந்த தரகர், என் வீட்டார் உடையார் வளவில் குடியிருந்ததால் உடையாரின் சொந்தம் என்று நினைத்துக்கொண்டார். தீவுப்பக்கத்து ஆளான இவருக்கு எங்கள் ஊர் தெரியாது. அப்பா திருத்தவில்லை. என்னையும் வாய் திறக்க விடவில்லை. அப்பாவின் தகப்பன், என் அப்பப்பா, அந்த வீட்டில் மாடு பார்த்தவர். கல்யாணமாகி இருபத்து மூன்று வருசம் நான் சொல்லவில்லை — ஐயோ, அந்தப் பெடியன் அப்பளம் சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டான்!

மே 7
சொல்லிவிட்டேன். "நாங்கள் உடையாற்றை சொந்தம் இல்லை. அந்த வளவிலை வேலை செய்த ஆக்கள்."

என்னை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். ஏன் சொன்னேன்? துஷ்யாவின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேனா?

மே 9
இன்னும் கூடத்தில்தான் படுக்கிறார்.

மே 12, சனி
வேலை முடிந்து வந்தேன். அழைப்பிதழ்த் தாள் மேசையில் கிடந்தது. 'போலந்துப் பிரபு வம்சம்' கோடு போட்டு வெட்டப்பட்டிருந்தது. கல்யாணமே வேண்டாம் என்கிறாரோ என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், அதே பேனாவால் 'உடையார் வளவு' என்பதையும் வெட்டியிருக்கிறார். திகதியிலும் மண்டபத்திலும் கை வைக்கவில்லை.

அழைப்பிதழில் போட, தோமஷின் தாய் தகப்பன் பெயரைப் பிழை இல்லாமல் எழுதித் தரச்சொல்லி இவர் துஷ்யாவிடம் கேட்டாராம்.